பேத்தி பேரில் போட்ட பணம்



இது நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு படிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் போகிறபோக்கில் “பேத்தி டெபாசிட்டுக்கு வரி வந்துவிட்டது” என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஷார்ஜாவிலிருந்து ஒருவன், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர், பண்டாரவாடையிலிருந்து ஒரு பழைய மாணவியின் மாமியார், இத்தனை பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “சார், குழந்தைக்கு ஏது சார் வரி?”

நானும் மூன்று வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வட்டிக் கணக்கு போடத் தெரியாதவனா? வட்டி யாருடையது என்கிற கணக்குதான் எனக்குத் தெரியவில்லை.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய 2025-இல் செப்டம்பர் 15 வரை தவணை நீட்டியிருந்தார்கள். உங்களில் நாலு பேருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். உபயோகத்துக்கு மட்டுமல்ல, எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம் உங்களில் பலருக்குத் தெரியும். மகனும் மருமகளும் அபுதாபியில். அவன் கட்டுமானக் கம்பெனியில், அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில். பேத்தி கொரோனா வருஷத்தில் ஊருக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். இங்கேதான் படிப்பு, சைக்கிள், டியூஷன், பாட்டியோடு சண்டை எல்லாம். பெற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போகிறார்கள். நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாபநாசம், ராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று எந்த ஊர்த் தெருவில் நுழைந்தாலும், வாசலில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும், போன் திரையில் அப்பா அம்மாவும் இருக்கிற வீடு பத்தாவது இருக்கும்.

2022 சித்திரையில், குடமுருட்டிப் பாசனத்தில் எனக்கு இருந்த மூன்று மா நிலத்தைக் கொடுத்தேன். (வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்கு: மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். இருபது மா ஒரு வேலி. இதை உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் எனக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.) விற்க மனசில்லை. ஆனால் நடவுக்கு ஆள் இல்லை, எனக்கு முழங்கால் இல்லை. பக்கத்து வயல்காரரே 12 லட்சம் கொடுத்து எடுத்துக்கொண்டார். பாபநாசம் எல்லையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிற கிராமத்து நஞ்சை என்பதால் விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. அது எனக்குத் தெரியும். அந்த 12 லட்சத்தையும் அப்படியே பேத்தி பேரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டோம். தாத்தா பாட்டி பேத்திக்குக் கொடுத்தால் அன்பளிப்பு வரியும் கிடையாது. அதுவும் தெரியும். அவள் காலேஜ் படிப்புக்கு என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள், நான் தலையாட்டினேன்.

வங்கியில் முதல் சங்கதி அங்கேயே ஆரம்பித்தது. தாத்தா கார்டியனாகக் கையெழுத்துப் போட முடியாது, அப்பா அல்லது அம்மா வேண்டும் என்றார்கள். விதி அதுதான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருமகள் லீவில் வந்தபோது அவள் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டாள். குழந்தைக்கு பான் கார்டு வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் வற்புறுத்தவில்லை. வட்டி அவள் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தது. 2024-இல் ஒருநாள் பாஸ்புக்கை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. முதல் வருஷம் 66,000 வட்டியில் 13,200 பிடித்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் 84,000-இல் 16,800. ஆக முப்பதாயிரம்! பான் எண் கொடுக்காவிட்டால் பத்து சதவீதத்துக்குப் பதிலாக இருபது சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த பணம் யார் பேரிலும் நிற்காது. அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது நிஜம், எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்று கேட்பதற்கு ஒரு பெயர்தான் இல்லை. ஓடிப்போய் அவளுக்கு பான் கார்டு வாங்கினேன். அதன்பிறகு பத்து சதவீதம், 8,400.

கும்பகோணத்தில் மருமகளுக்கு அவள் அப்பா கொடுத்த ஒரு கட்டடம் இருக்கிறது. மாதம் 30,000 வாடகை. அதற்கு வருஷா வருஷம் ஒரு ஆடிட்டர்தான் ரிட்டர்ன் போடுகிறார். அவரிடம் பேத்தி கணக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். “சின்னப் பொண்ணு பேர்ல ஒரு ரிட்டர்ன் போட்டு பிடிச்ச பணத்தைத் திருப்பி வாங்கிக் குடுத்துடுங்க சார்” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நானும் வகுப்பில் அப்படி வைத்ததுண்டு, பையன் அடிப்படையே தப்பாகச் சொல்லும்போது.

“சார், இது பாப்பா வருமானமே இல்ல. உங்க மருமக வருமானம்.”

சட்டம் இதுதான். 18 வயது ஆகாத பிள்ளையின் வட்டி, டிவிடெண்ட், வாடகை எல்லாம் அப்பா அம்மா இருவரில் யாருக்கு மொத்த வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு சேர்ந்துவிடும். ‘கிளப்பிங்’ என்கிறார்கள். பிள்ளை தன் உழைப்பால், திறமையால் சம்பாதித்தால் மட்டும் அது பிள்ளையுடையது. பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினால் அவளுடையது. பாட்டி கொடுத்த பணத்துக்கு வட்டி வந்தால் அம்மாவுடையது. கடுமையான உடற்குறை உள்ள பிள்ளைக்கும் விலக்கு உண்டு.

எனக்குப் புரியாத இடம் அடுத்தது. “மகன்தானே சார் அதிகமா சம்பாதிக்கிறான்? மருமக எப்படி?” என்றேன். அதற்கும் விடை வைத்திருந்தார். வெளிநாட்டில் இருப்பவருக்கு மொத்த வருமானம் என்றால் இந்தியாவில் வருகிற வருமானம் மட்டும்தான். அபுதாபிச் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. மகனுக்கு இங்கே ஒரு சேமிப்புக் கணக்கில் சில்லறை வட்டி. மருமகளுக்கு வாடகை, முப்பது சதவீதக் கழிவு போக 2,52,000. ஆகவே சட்டத்தின் கண்ணில் எங்கள் குடும்பத்தில் பெரிய சம்பாத்தியக்காரி மருமகள். அவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. ஒருமுறை ஒருவர் கணக்கில் சேர்த்தால் அடுத்தடுத்த வருஷமும் அவர் கணக்கில்தான் சேரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நினைத்தபடி மாற்ற முடியாது.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பழைய பழக்கம். 2024-25 வருஷம், புதிய வரி முறை. வாடகை 2,52,000. பேத்தி வட்டி 84,000. கூட்டினால் 3,36,000. மூன்று லட்சம் வரை வரி இல்லை. மீதி 36,000-க்கு ஐந்து சதவீதம் 1,800. செஸ் சேர்த்து 1,872. அவ்வளவுதான். உள்ளூரில் குடியிருப்பவர் என்றால் இதற்குத் தள்ளுபடி உண்டு, ஒரு பைசா கட்ட வேண்டாம். அந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் இருப்பவருக்குக் கிடையாது.

“1,872 ரூபாய்க்கா சார் இவ்வளவு பெரிய பதிவு?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பொறுங்கள். முந்தைய இரண்டு வருஷமும் மருமகள் ரிட்டர்னில் பேத்தி வட்டியைக் காட்டவில்லை. அதாவது அவள் தாக்கல் செய்தது தப்பான கணக்கு. தெரிந்து செய்யவில்லை, ஆனாலும் தப்புதான். பழைய கணக்கைத் திருத்த இப்போது நான்கு வருஷம் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள், கூடுதல் வரியோடு. ஆனால் அந்த வழியில் கட்டத்தான் முடியும், பிடித்ததைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த முப்பதாயிரம் போனது போனதுதான், மனுப் போட்டுப் பார்க்கலாம் என்றார் ஆடிட்டர், குரலில் தெம்பில்லாமல். அரை போக வரவு அது.

அன்று ராத்திரி மகனோடு பேசினேன். வாழ்க்கையில் நாங்கள் இருவரும் குரல் உயர்த்திப் பேசியது இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். அதில் இது ஒன்று.

“அப்பா, நிலம் உங்களுது. பணம் உங்களுது. குடுத்தது நீங்க. வச்சிருக்கறது அவ. நாங்க கண்ணால கூடப் பாக்கல. ஆனா பொய்க் கணக்குக் குடுத்ததா நோட்டீஸ் வந்தா அவ அம்மா பேருக்கு வருமா?”

“அவ பேருக்குத்தான் வரும்.”

“என்னைக் கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல?”

அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பிள்ளைக்குத் தெரியாமல் பேத்திக்குச் செய்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அந்த வயது வந்தால் உங்களுக்குப் புரியும். அந்தச் சந்தோஷத்துக்கு மருமகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

இனி என் மனத்தாங்கல்.

இந்தச் சட்டத்தின் அடிப்படை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். காசுள்ளவர்கள் தங்கள் சொத்தைப் பெண்டாட்டி பேரிலும் பிள்ளை பேரிலும் பிரித்துப் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வரி விலக்கு வாங்கிய காலம் உண்டு. 1937-லேயே வெள்ளைக்காரன் இதற்கு ஒரு பிரிவு கொண்டுவந்தான். அப்பன் தன் சொத்தை மைனர் பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்தால் அதில் வருகிற வருமானம் அப்பன் கணக்கிலேயே சேரும் என்று. 1961-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறகு எழுபதுகளில் தாத்தாவையும் பிடித்தார்கள். மகனுடைய மைனர் பிள்ளைக்குத் தாத்தா சொத்துக் கொடுத்தால், வருமானம் தாத்தா கணக்கில். (மகள் வயிற்றுப் பேரனுக்குக் கொடுத்தால் சேராது. அந்தக் காலத்துச் சட்டம் எழுதியவர்களின் வீட்டு நியாயம் அப்படி இருந்திருக்கிறது.)

கவனியுங்கள். அதுவரை சட்டம் கேட்ட கேள்வி, “கொடுத்தது யார்?” கொடுத்தவன் தலையில்தான் வரி. அதில் ஒரு நியாயம் இருந்தது. 1992 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் அதை மாற்றினார். ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழு கூறிய யோசனை. பிற்பாடு சென்னைப் பொருளியல் பள்ளியைத் தொடங்கினாரே, அந்தச் செல்லையாதான். பெரிய மனிதர், நம்மவர். ஆட்கள் சுற்றி வளைத்துப் பணத்தை மாற்றிக்கொடுத்துத் தப்பிக்கிறார்கள், யார் கொடுத்தது என்று தோண்டிக்கொண்டிருக்க முடியாது, ஆகவே மைனருக்கு எங்கிருந்து வந்தாலும் பெற்றோர் கணக்கு என்று ஒரே கோடாகக் கிழித்துவிட்டார்கள். கேள்வி மாறிவிட்டது. இப்போது கேட்பது “இது யார் பிள்ளை?” என்று மட்டும்தான். எங்கள் சென்னை உயர் நீதிமன்றமும் இதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அன்றைக்கு அந்தக் கோட்டின் கடுமையைக் கொஞ்சம் குறைக்க ஒரு சலுகை வைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு வருஷம் 1,500 ரூபாய் வரை விலக்கு. இப்போது எவ்வளவு தெரியுமா? அதே 1,500. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

இதை நெல்லில் போட்டுப் பார்த்தேன். 1992-93-இல் மத்திய அரசு நிர்ணயித்த விலை சாதாரண ரக நெல் குவிண்டால் 270 ரூபாய். 1,500 ரூபாய் என்றால் ஐந்தரைக் குவிண்டாலுக்கு மேல். இப்போது கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிறார்களே அந்த 40 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 14 மூட்டை. 2025-26 விலை 2,369 ரூபாய். 1,500 ரூபாய்க்கு 63 கிலோ, ஒன்றரை மூட்டை சொச்சம். நெல் விலை ஏறியதே போதாது என்று நாம் ரோட்டில் உட்காருகிறோம். அந்தப் போதாத ஏற்றத்தின்படி பார்த்தாலே அந்த 1,500 இன்றைக்கு 13,000 ஆகியிருக்க வேண்டும். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1992 பட்ஜெட்டில் பெரியவர்களுக்கு வரியில்லாத வரம்பு 28,000. 2025-26-இல் புதிய முறையில் நான்கு லட்சம். பெரியவர்களுக்குப் பதினான்கு மடங்கு ஏறியிருக்கிறது, பிள்ளைக்கு ஒரு ரூபாய் ஏறவில்லை. அதிலும் புதிய முறையை எடுத்துக்கொண்டால் அந்த 1,500-உம் கிடையாது. ஓட்டு இல்லாதவர்களுக்கு இவ்வளவுதான் போலும்.

இது ஒரு குறை. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பெற்றோர் எங்கே இருக்கிறார்கள், பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதை இந்தச் சட்டம் பார்ப்பதே இல்லை. பார்க்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே பிரிவில் ஒரு இடத்தில் பார்க்கிறது. பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள் என்றால், யாருக்கு வருமானம் அதிகம் என்று பார்க்காமல், பிள்ளையை அந்த வருஷம் பராமரித்தவர் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளை என்றால் யாரோடும் சேர்க்காது, பிள்ளையின் வருமானம் பிள்ளையுடையதே. தாத்தா வளர்த்தாலும் தாத்தாவோடு சேராது. அதாவது என் பேத்தியின் பணம் அவள் பணம் என்று சட்டம் ஒத்துக்கொள்ள வேண்டுமானால்… வேண்டாம், அதை எழுதக் கை வரவில்லை. மகனும் மருமகளும் நூறு வயது இருக்கட்டும்.

வேறொரு வழக்கு உங்களில் சட்டம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தன் சிறு மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பம் போட்டார், தாயாகத் தானே கையெழுத்துப் போட்டு. அப்பா கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் கார்டியன் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், கார்டியன் சட்டம் அப்பாவை முதலிலும், ‘அவருக்குப் பின்’ அம்மாவையும் வைத்திருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999-இல் தீர்ப்பு. அவருக்குப் பின் என்றால் அவர் காலமான பின் என்று மட்டும் அர்த்தமில்லை, அவர் இல்லாத நிலையில் என்றும் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். அக்கறை இல்லாத அப்பா மட்டுமல்ல, வேறு ஊரில் இருப்பதால் பார்த்துக்கொள்ள முடியாத அப்பாவும் அந்த ‘இல்லாத நிலை’யில் அடங்குவார். மருமகள் இன்றைக்குத் தனியாகக் கையெழுத்துப் போட முடிந்ததென்றால் அதற்கு அந்த அம்மாவின் பிடிவாதமும் ஒரு காரணம். கார்டியன் சட்டத்தில் வீட்டில் இல்லாதவர் யார், இருப்பவர் யார் என்று பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு, வரிச் சட்டத்தில் மட்டும் அந்தக் கண் ஏன் மூடிக்கொள்கிறது?

வெள்ளைக்காரன் நாட்டில் இன்றைக்கும் பழைய கேள்வியையே கேட்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ கொடுத்த பணத்தில் பிள்ளைக்கு வருஷம் 100 பவுண்டுக்கு மேல் வட்டி வந்தால் கொடுத்தவர் கணக்கில் சேரும். தாத்தா பாட்டி கொடுத்தது என்றால் சேராது, பிள்ளையுடையது. அமெரிக்காவில் யார் கொடுத்தது என்று பார்ப்பதில்லை, ஆனால் வரம்பு கௌரவமாக இருக்கிறது. 2025-இல் 2,700 டாலர் தாண்டினால்தான் பெற்றோர் விகிதத்தில் வரி. அதுவும் வருஷா வருஷம் விலைவாசிக்குத் தக்கபடி பார்த்து ஏற்றுகிறார்கள். அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே பிறந்த பேரப்பிள்ளை பேரில் இங்கே டெபாசிட் போட்டிருப்பவர்கள் கவனிக்க: அந்தக் குழந்தை அமெரிக்கக் குடிமகன். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் குழந்தையானாலும் அங்கே தகவல் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் கேட்காமல் போடாதீர்கள். நான் பட்டதே போதும்.

என் மைத்துனர் இதைப் படித்துக்காட்டியபோது சொன்னார்: “அத்தான், தாத்தா குடுத்தா விலக்குன்னு வச்சா, ஊர்ல இருக்கற பணக்காரன்லாம் தன் பணத்தைத் தாத்தா கையால குடுக்க வைப்பான்.” சரிதான். செல்லையா குழுவும் அதற்குத்தானே பயந்தது. ஆனால் அன்றைக்கு பான் எண் எத்தனை பேரிடம் இருந்தது? வங்கிக் கணக்கு காகிதத்தில் இருந்தது. இன்றைக்கு நான் நிலம் விற்ற பத்திரத்திலிருந்து பேத்தி டெபாசிட் வரை ஒவ்வொரு ரூபாயும் வந்த வழி கம்ப்யூட்டரில் இருக்கிறது. தோண்ட வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் போதும். அத்தோடு, நிஜமான பணக்காரன் இந்த வலையில் மாட்டுவதும் இல்லை. பிள்ளை பேரில் வளர்ச்சி வகை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, 18 முடிந்தபிறகு எடுத்தால் லாபம் பிள்ளையுடையது, பெற்றோரோடு சேராது. அது அவர்கள் ஆடிட்டருக்குத் தெரியும். வங்கி டெபாசிட் தவிர வேறு தெரியாத ரிட்டயர்டு வாத்தியாரும், நிலம் விற்ற பாட்டியும்தான் மாட்டுகிறார்கள்.

நான் வரி வேண்டாம் என்று கேட்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் “சார் வரி ஏய்க்கச் சொல்றார்” என்று எழுத வேண்டாம். கொடுத்தது நான், வளர்ப்பது நான். என் பென்ஷனோடு சேர்த்து என் தலையில் போடட்டும், கட்டுகிறேன். அப்படிச் சேர்த்தால் 1,872-ஐ விட அதிகமாகத்தான் வரும். வந்தால் வரட்டும். கையெழுத்து மட்டும் போட்ட ஒரு பெண்ணை, கடல் தாண்டி வாத்தியார் வேலை பார்ப்பவளை, அவளுக்குத் தெரியாத வருமானத்துக்குப் பொய்க் கணக்குக்காரியாக்க வேண்டாம் என்கிறேன். பெற்றோர் இருவரும் வெளிநாட்டில் இருந்தால் பராமரிப்பவர் கணக்கு, அல்லது கொடுத்தவர் கணக்கு. பராமரிப்பவர் என்ற சொல் ஏற்கெனவே அந்தப் பிரிவில் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த 1,500-ஐ மனிதர்கள் காதில் கேட்கும்படி ஒரு தொகையாக்கி, புதிய முறையிலும் கொடுக்க வேண்டும்.

புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்தானது, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற சந்தர்ப்பம். பாஷையை எளிமையாக்கியிருக்கிறார்கள், பிரிவுகளைக் குறைத்திருக்கிறார்கள், நல்லது. மைனர் வருமானத்தைப் பெற்றோரோடு சேர்க்கிற விதியை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். நம் டெல்டா எம்.பி.க்கள் மேகதாதுவுக்கும் கர்நாடகத் தண்ணீருக்கும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். வெளிநாட்டுப் பணத்தில் ஓடுகிற ஊர்களின் பிரதிநிதிகள் இதற்கும் ஐந்து நிமிஷம் எழுந்து நின்றிருக்கலாம்.

சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு. முதலில் பிள்ளையின் பான் எண்ணை வங்கியில் சேர்த்தாகிவிட்டதா பாருங்கள். பிறகு, வட்டி யார் கணக்கில் சேர வேண்டுமோ அந்த அப்பாவோ அம்மாவோ பெயரில் டிடிஎஸ் வரவு வைக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. வருஷ ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள். எங்கள் ஆடிட்டர் பேத்தி பேரில் இருந்த 8,400-ஐ மருமகள் ரிட்டர்னில் காட்டி, வரி போக மீதி 6,528 திரும்பக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற மாணவர்களே, ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்கிற உங்கள் பிள்ளைகள் பேரில் என்னென்ன இருக்கிறது என்று இன்று ராத்திரி போனில் கேளுங்கள். அதட்டிக் கேட்காதீர்கள். அவர்கள் ஒளித்து வைத்தது உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள அல்ல.

சின்னப் பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்குள் ஆரம்பிக்க வேண்டும், வட்டிக்கு வரியே இல்லை. ஆனால் அதிலும் தாத்தா பாட்டி ஆரம்பித்த கணக்குகளைப் பெற்றோர் அல்லது கோர்ட் நியமித்த கார்டியன் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024-இல் உத்தரவு வந்துவிட்டது. குழந்தை இந்தியாவில் குடியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பிற்பாடு அப்பா அம்மாவோடு போய் அங்கேயே குடியேறிவிட்டால் கணக்கை முடிக்க வேண்டும்.

நிலம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அந்த மூன்று மாவை விற்காமல் பேத்தி பேருக்கே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துக் குத்தகைக்கு விட்டிருந்தால், குத்தகை விவசாய வருமானம், அதற்கு வரி விலக்கு. நெல்லாக இருந்தவரை ஒருவரும் கேட்கவில்லை, வட்டியானதும் வந்து நின்றுவிட்டார்கள். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. வாங்கியவர் அதில் குறுவை போட்டிருக்கிறார். மேட்டூர் 2025 ஜூன் 12-இல் திறந்ததால் பயிர் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த வாரம் அறுப்பு மிஷின் வருகிறதாம்.

பேத்திக்கு மாசியில் 18 முடிகிறது. அன்றிலிருந்து அந்த வட்டி அவளுடையது. அவள் இங்கே குடியிருப்பவள், வேறு வருமானம் இல்லை, ஆகவே ஒரு பைசா வரி கிடையாது. அதே பெண், அதே வீடு, அதே டெபாசிட். முதல் நாள் வரை அம்மாவுடையது, மறுநாள் அவளுடையது. இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்த முப்பதாயிரம் யாரோடது தாத்தா?” என்றாள். மனுப் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை கும்பகோணம் போக வேண்டும்.